வடுகபட்டிக்குப் போவதாகச் சொன்ன நாள்

என் வீட்டுக்காரர் பூண்டு விற்க வடுகபட்டிச் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, விடியும் முன்பே மலையிறங்கினார். திரும்பி வந்த மறுநாள் குளிர் கண்டு அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கீழே வெயிலில் கிடந்துவிட்டு ஏறி வந்தால் குளிராமல் என்ன செய்யும் என்று மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். சட்டைப்பையிலிருந்து ஏதோ மாத்திரை எடுத்து அவரும் முழுங்கினார். காய்ச்சல் அடங்கியது.

சில வாரம் கழித்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்கினதுதான் என்றேன். உப்பு ஒத்தடம், தைலம், வசவு, எல்லாம் தாராளமாகக் கொடுத்தேன். உட்கார்ந்தால் எழுந்தார், படுத்தால் புரண்டார், பூண்டுப் பாத்திகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அந்தியானால் உடம்பு லேசாகச் சுட்டது. அவர் நடக்க நடக்க எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வேலையும் ஓடவில்லை. ஒருநாள் காலையில் கால் மரத்துப்போய், கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் அழுதார். வேன் பிடித்துக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இனி நடப்பாரா என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

சமீபத்தில் ஊசி, ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். ஒன்றும் கிடையாது, பூண்டு மூட்டைதான் என்று நான் முந்திக்கொண்டேன்.

“நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வா” என்றார் இவர்.

கல்யாணமான நாளிலிருந்து என்னைத் தனியாகக் கடையில் டீ குடிக்கச் சொன்ன மனுஷனா இவர்? நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

சுவரைப் பார்த்தபடி சொன்னார். ஒன்றுக்குச் சரியாகப் போகவில்லையாம். புற்றாக இருக்குமோ என்று மதுரையில் ஆசனவாய் வழியாக ஊசி விட்டு, புராஸ்டேட்டிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்களாம். சந்தைக்குப் போன லட்சணம் அது. புற்று இல்லை என்றும் வந்துவிட்டதாம்.

அந்த ஊசி வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்து முதுகெலும்பில் போய்த் தங்கியிருக்கலாம், அபூர்வமாக அப்படியும் நடக்கும் என்றார் டாக்டரம்மா. குளிர் வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க வேண்டுமாம். நானோ கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

மதுரையில் எடுத்த ஸ்கேனும் அதையே சொன்னது. அங்கேயே ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏறியது. கால் அசையும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பிடித்து நாலு எட்டு வைத்த அன்றைக்குத்தான் கேட்டேன். புற்று இல்லை என்று ஆனபிறகு உன்னை எதற்குப் பயமுறுத்த என்று இருந்துவிட்டாராம்.

“பயத்தத்தான் தனியா வச்சிருந்தீங்க. அந்த நல்ல சேதியவாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

நான் ஆஸ்பத்திரிப் படியிறங்கிப் போய், தனியாக ஒரு டீ குடித்தேன்.