கிளி கக்கிய கொய்யா

எனக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. அடுத்தவர் வாய் வைத்த சொம்பு, சோற்றில் கிடக்கும் ஒற்றை முடி, ஈரத் திண்டில் ஊர்கிற அட்டை, எதைப் பார்த்தாலும் என் வாயில் முதலில் வருவது 'ச்சீ' தான். பெற்ற மகளின் மூக்கைத் துடைக்கும்போதுகூட முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வேன். அப்படிப்பட்ட என் உள்ளங்கையில் ஒரு கிளி வாந்தி எடுத்தது. அந்த வாந்திக்காக நான் ஏழு வாரம் மலை ஏறினேன். இதைச் சொன்னால் இன்று யாரும் நம்புவதில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. பேளுக்குறிச்சியில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் உப்பையும் மண்ணெண்ணெயையும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு, காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் கொல்லிமலை ஏறுவார். மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் சரக்கை இறக்கிவிட்டு மிளகு மூட்டைகளோடு திரும்புவார். எங்களுக்கு ஒரே மகள். நான்கு வயது முடிந்தும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. காது நன்றாகக் கேட்டது. கூப்பிட்டால் ஓடி வருவாள், தட்டு விழுந்தால் திரும்பிப் பார்ப்பாள். பேச்சு மட்டும் இல்லை. தெருவில் அவளை 'ஊமைச்சி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அப்படிக் கூப்பிட்ட ஒருத்தியின் குடத்தைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் வீசினேன். பிறகு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுததும் நான்தான். ஒரே ஒரு சொல், எதுவாக இருந்தாலும் சரி, அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும் என்றிருந்தேன்.

சந்தைக்கு மலையிலிருந்து பலாப்பழம் கொண்டுவரும் ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். வாய் நிறைய வெற்றிலை. பேசினால் சாறு தெறிக்கும் என்று நான் எப்போதும் இரண்டு முழம் தள்ளியே நிற்பேன். ஒரு நாள் அவள் என் மகளின் மோவாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க அம்மிணி, புள்ள இன்னும் பேசலீங்களா?"

"இல்லீங்க."

"கிளி கடிச்ச பழம் குடுத்துப் பாத்தீங்களா?"

"குடுத்தேனுங்க. தோட்டத்துல கிளி கொத்திப் போட்ட கொய்யா. நல்லாக் கழுவித்தான் குடுத்தேன்."

அவள் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் புடவையில் தெறித்தது. "கழுவிக் குடுத்தீங்களா? அட என் சாமி! எச்சில்தானுங்க மருந்தே. அதைக் கழுவிப்போட்டா அப்புறம் அதுல என்னங்க இருக்கும்?"

அதற்கு ஒரு முறை இருக்கிறதாம். மரத்துக் கிளி ஆகாது. வீட்டில் வளர்ந்த, பேசுகிற கிளியாக இருக்க வேண்டும். தாயின் கையிலிருந்து அது தானாகக் கடிக்க வேண்டும். மிச்சத்தைக் கழுவாமல், துடைக்காமல், அப்போதே பிள்ளையின் வாயில் வைக்க வேண்டும். நாற்பத்தெட்டு நாள் விடாமல் செய்ய வேண்டும்.

"எங்கூட்டுல ஒண்ணு இருக்குதுங்க," என்றாள். "என்ர புருஷன் காதைக் கடிச்சுப்போட்டுது. கறி வெக்காம உடமாட்டேன்னு நிக்கறாரு. நீங்க கொண்டு போங்க. ஆனா அது உங்களைச் சேத்துக்கிட்டாத்தான் தருவேன். போன வருசம் ஒருத்தருக்கு இன்னொரு கிளியைச் சும்மா தூக்கிக் குடுத்தேன். தீனியே எடுக்காம அஞ்சாம் நாள் செத்துப்போச்சு. அந்தப் பாவம் இன்னொருக்கா எனக்கு வேண்டாமுங்க."

அடுத்த வாரமே மகளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, வீட்டுக்காரரின் கழுதைகளுக்குப் பின்னால் நடந்தேன். வழி நெடுக அவை போட்ட விட்டையைத் தாண்டித் தாண்டியே கால் வலித்தது.

சோளக்காட்டில் அவள் வீட்டில் அந்தக் கிளியை முதலில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. பச்சைக் கிளி, சிவந்த மூக்கு என்றெல்லாம் சொல்வார்களே, அதெல்லாம் இல்லை. கூரைக்கடியில் ஒரு மூங்கில் கழி. அதில் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டு, உரித்த கோழி மாதிரி வெறுந்தோலோடு ஒரு ஜந்து உட்கார்ந்திருந்தது. கழிக்குக் கீழே பல நாள் எச்சம் அடையடையாகக் காய்ந்து கிடந்தது. அதன்மேல் மென்று துப்பிய பலாச்சுளை நார், அதன்மேல் எறும்பு. அது பேசும் பேச்சிலும் பாதி, அவள் புருஷன் காலையில் காறித் துப்பும் சத்தம். தொண்டையின் அடியிலிருந்து இழுத்து, வாய்க்குள் திரட்டி, 'த்தூ' என்று முடிக்கும். கருமம், இதற்குப் பேசுகிற கிளி என்று பெயர்!

கொய்யாவை நீட்டினேன். பழத்தை விட்டுவிட்டு விரலைக் கவ்வியது. ரத்தம் வந்தது.

"ச்சீ, சனியனே!"

"கையை வெடுக்குனு இழுக்கறீங்க பாருங்க, அதனாலதான் கடிக்குது," என்றாள் அவள். "கூசற கையில அது ஏறாதுங்க."

இரண்டாம் வாரமும் கடித்தது, மூன்றாம் வாரமும் கடித்தது. ஒவ்வொரு முறை அதன் அலகு பட்டதும் நான் எழுந்து போய்ச் சாம்பல் தேய்த்துக் கை கழுவிவிட்டு வருவேன். அவள் அதையும் கண்டுபிடித்துவிட்டாள். "அது பாக்கறாப்பல கழுவாதீங்க அம்மிணி. அதுக்கும் ரோசம் இருக்குது." ஒரு பறவையின் ரோசத்துக்காக நான் நாறிய கையோடு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புடவையில் படாமல் காற்றில் தூக்கி வைத்தபடியே ஒரு மத்தியானம் முழுக்கக் கழிந்தது.

நான்காம் வாரம் அது என் முழங்கையில் ஏறியது. நகம் குத்தியது. தோளுக்குப் போய் என் காதோர முடியை ஒவ்வொன்றாக அலகில் உருவியது. ஏறிய கொஞ்ச நேரத்தில் முதுகில் சூடாக எச்சம் வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு கையில் இறங்கி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்ட ஆரம்பித்தது. கழுத்து புடைத்தது. வாயைத் திறந்து, மென்ற கொய்யாவைக் கூழாக என் உள்ளங்கையில் கக்கியது.

கோழி வளர்க்கிற வீட்டுக்காரிக்கு அதைப் பார்த்தால் என்ன தோன்றும்? அந்த வருடம்தான் எங்கள் வீட்டுக் கோழிகள் எல்லாம் இப்படித் தலையை ஆட்டி, வாயில் கோழை வழிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்திருந்தன. "ஐயோ, சீக்கு! சீக்குக் கிளி!" என்று கத்திக்கொண்டு கையை உதறினேன். கூழும் கிளியும் சேர்ந்து தரையில் விழுந்தன. அதோடு நின்றேனா? "இதைத் தூரக் கொண்டு போய்க் கட்டுங்க, உங்க கோழியெல்லாம் போயிரும்" என்று அவளுக்குப் புத்தியும் சொன்னேன்.

அவள் முதலில் சிரித்தாள். கிளி சுவரோரம் நகர்ந்து போய் முதுகைக் காட்டி நின்றதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"சீக்கு இல்லீங்க. குஞ்சுக்கும் ஜோடிக்கும் அப்படித்தான் கக்கி ஊட்டும். உங்களைத் தன் சொந்தம்னு நெனச்சு ஊட்டியிருக்குது. அதைப் போயி ஒதறிப்போட்டீங்களே!"

இறங்கும் வழியில் வீட்டுக்காரர்தான் பேச்சை எடுத்தார். "எதுக்கு இந்தக் கருமம் புடிச்ச வேலை? பேசாத புள்ளன்னா பேசாத புள்ளயாவே இருந்துட்டுப் போகட்டும் உடு." ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அவர் தலையில் கல்லைத் தூக்கிப் போடலாம்போல இருந்தது. இவரே விட்டுவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அடுத்த வாரம் கழுதைகளுக்கு முன்னால் நான் நடந்தேன்.

ஐந்தாம் வாரமும் ஆறாம் வாரமும் அது என் பக்கம் திரும்பவே இல்லை. நான் போனால் முதுகைக் காட்டிக்கொண்டு 'த்தூ' என்று துப்பும் சத்தம் போடும். அந்த எச்சக் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கொய்யாவை நானே ஒரு கடி கடித்து, மிச்சத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். அது முன்பே கடித்துப் போட்டிருந்த துண்டை எடுத்து நானும் கடித்தேன். எப்படிக் கடித்தேன் என்று கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு மகளின் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் வாரம் அது தானாக வந்து கையில் ஏறியது. தலையை ஆட்டியது. எனக்கு அடிவயிற்றிலிருந்து ஓங்கரிப்பு வந்தது. கையை மட்டும் ஆட்டவில்லை. வெதுவெதுவென்று, புளித்த வாடையோடு, அந்தக் கூழ் உள்ளங்கையில் விழுந்தது. விரல்களை மடக்கி அதை மூடிக்கொண்டேன்.

"அவ்வளவுதானுங்க," என்றாள் அவள். "இனி உங்களுது. கூட்டிக்கிட்டுப் போங்க."

காரவள்ளிவரைக்கும் அது என் தோளிலேயே வந்தது. ஓடை வந்ததும் வீட்டுக்காரரிடம் அதைக் கொடுத்து அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, மணல் போட்டு மூன்று தடவை கை கழுவினேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலையில், கூடத்திலிருந்து யாரோ 'ச்சீ' என்றார்கள். என் குரல். நான் அடுப்படியில் இருந்தேன். எட்டிப் பார்த்தால் கிளி. ஏழு வாரம் என்னிடம் அது கேட்டது அந்த ஒரு சொல்லைத்தானே! வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மகளும் சத்தமில்லாமல் வாயைத் திறந்து சிரித்தாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இந்த வீட்டில் நாள் முழுக்க என் வாயிலிருந்து இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறதா?

நாற்பத்தெட்டு நாளும் ஒரு நாள் விடவில்லை. கிளி கடிக்கும், மிச்சத்தை மகள் வாயில் வைப்பேன். வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதை மட்டும் என்னால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. சில நாள் கிளி தலையை ஆட்டி என் கையில் கக்கும், மகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்பத்தெட்டு முடிந்தது. ஒரு சொல்கூட இல்லை. நாற்பத்தொன்பதாம் நாள் பழத்தைத் தூக்கிச் சாணக்குழியில் எறிந்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். நான் கூடத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மகள் கிளிக்கூண்டில் கிடந்த கொய்யாத் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். என் முன்னால் வந்து நின்றாள். முறத்தைத் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டினாள். எனக்குப் புரிவதற்குள், மென்ற கொய்யாவை எச்சிலோடு என் உள்ளங்கையில் துப்பினாள்.

என் முகம் சுளித்திருக்க வேண்டும். அவள் கண் அதிலேயே இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே எனக்காகச் சொல்லிவிட்டாள்.

"ச்சீ."

நான்கு வருடம் காத்திருந்த சொல். சொல்லிவிட்டு, நான் கையை உதறப்போகிறேன் என்று அவள் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

நான் அந்தக் கொய்யாவை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். கொழகொழவென்று இருந்தது. ஓங்கரித்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் விழுங்கினேன். அவள் கிட்ட வந்து, இரண்டு கையாலும் என் வாயைத் திறந்து, உள்ளே ஒன்றும் மிச்சமில்லையா என்று பார்த்தாள்.