ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்

அவரைப் பழிவாங்காமல் விடுவதில்லை என்று நான் முடிவெடுத்தது முதலாளியின் அறையில்தான். என் முகத்தைப் பார்க்காமலே, "அந்தப் பிள்ளை கை வச்ச பெறகுதான் சார் கெட்டுப்போச்சு" என்றார்.

மதுரையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. எனக்கு முதல் வேலை. என்மேல் பழி போட்ட அவர்தான் எங்கள் டீம் லீடர். கிணற்று மோட்டாரைப் போனிலேயே போட்டு நிறுத்தும் கருவிக்கு நாங்கள் புரோகிராம் எழுதினோம். தண்ணீர் வற்றினால் கருவி தானாகவே மோட்டாரை நிறுத்த வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் சில தோட்டங்களில் அது நிறுத்தவில்லை. மோட்டார் வெறுமனே ஓடி, உள்ளே சுற்றிய கம்பிச்சுருளான காயில் கருகிப்போனது. நான் கை வைத்தது போனுக்குப் போகும் குறுஞ்செய்தியின் வாசகத்தில் மட்டும்.

புரோகிராமில் பெரும்பகுதி அவர் எழுதியது. எல்லாம் டெம்ப்ளேட். டெம்ப்ளேட் என்பது ஓர் அச்சு. எந்த வகைத் தகவலையும் அதில் வார்த்துக்கொள்ளலாம். அளவோடு இருந்தால் நல்ல வசதி. அவரோ அச்சுக்குள் அச்சு, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போயிருந்தார். மோட்டார் இழுக்கும் கரண்டின் அளவு, வெறும் ஓர் எண், ஏழெட்டு உறைகளுக்கு அடியில் கிடந்தது. ஒரு கமா விட்டுப்போனால், புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் திரை திரையாகப் புலம்பும். பிழை தேடும் டீபக்கரில் ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தால், எண்ணைக் காணோம்; அதன் வகைப்பெயர்தான் திரையின் ஓரம் தாண்டி ஓடும். உறைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம் என்றால் பாதியில் பிரிய மறுக்கும்.

"கொஞ்சம் எளிமையா எழுதலாம்லண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இம்புட்டுகூடப் புரியலைன்னா நீ எதுக்கும்மா இன்ஜினியரிங் படிச்ச?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பையும் நான் மறக்கவில்லை.

முதலாளி என்னைப் போன் எடுக்கும் வேலைக்கு மாற்றினார். பேரையூரிலிருந்து ஒருவர், "வாழை பூராம் காயுதும்மா. நீயா வந்து தண்ணி ஊத்துவ?" என்று கேட்டார். டீம் லீடர் செய்த தப்புக்கு நாள் முழுக்க நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து உறைகளையெல்லாம் உரித்தெறிந்துவிட்டு, அதே வேலையை வெறும் எண்களாக, ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்து எழுதினேன். உடனே தெரிந்துவிட்டது. தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் கரண்டு குறையும். அந்தக் குறைந்த அளவைக் கோளாறு என்று உள்ளுறை தள்ளிவிட்டு, பழைய அளவையே புதுசு போல நீட்டியது. கருவியின் கணக்கில் கிணறு நிறையத் தண்ணீர்.

காலையில் முதல் வேலையாக விவசாயிகளுக்கெல்லாம் போன் போட்டு, ஆள் பக்கத்தில் இல்லாமல் மோட்டாரை ஓட்ட வேண்டாம் என்றேன். பிறகு முதலாளியிடம், "தோட்டத்துல வச்சுத்தான் சார் பாக்கணும். எழுதுனவரே வந்தா நல்லது" என்றேன்.

உசிலம்பட்டி தாண்டி ஒரு தோட்டம். காயில் புதிதாகக் கட்டிய மோட்டார். பம்ப்செட் அறை வாசலில், உச்சி வெயிலில், அவர் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உறை உறையாகப் பிரித்தார். நான் நிழலில் நின்றேன்.

"எம்புட்டு நேரந்தான் தேடுவீக தம்பி?" என்றார் தோட்டக்காரர்.

"இன்னும் உள்ள போகணும்ணே."

"கெணத்துக்குள்ளயா?"

சட்டை முழுக்க நனைந்து, கடைசியில் அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் என் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். வாசித்தார். முகம் செத்துப்போனது.

"சரி, மாத்திருவோம். ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன்."

"இப்பவே பேசுங்கண்ணே. ஸ்பீக்கர்ல போடுங்க."

தோட்டக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் போட்டார்.

"சார், தப்பு நான் எழுதுன கோடுலதான் சார்."

"அப்ப அந்தப் பிள்ளை?"

"அது மேல தப்பில்ல சார்."

"சத்தமாச் சொல்லுங்கண்ணே, சாருக்குக் கேக்கலபோல" என்றேன். நன்றாகவே கேட்டிருந்தது. அவர் மறுபடியும் சொன்னார்.

என் புரோகிராமையே கருவியில் ஏற்றச் சொன்னார் முதலாளி. டீம் லீடர் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, அவருடைய ஃபைல்களை ஒவ்வொன்றாக அழித்தேன். சில மாதங்களில் அவர் சென்னையில் வேலை தேடிக்கொண்டார். வழியனுப்பும் நாளில் கேக் வெட்டினார்கள். நான் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.