மரத்தூள் கோடு

கேய்சா துர்ச்சான் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் அக்கா ஒட்டீலியாவின் வாயிலிருந்து. போர் முடிந்து, ரஷ்யச் சிப்பாய்கள் ஊரைவிட்டுப் போன மறுவருஷம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், அவரைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

அப்பா பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "எந்த கேய்சா? பந்தாட்ட மைதானத்துல கோடு போடுறானே, அவனா? ஆடத் தெரிஞ்சவன் எவனும் உனக்குக் கிடைக்கலையா?"

கேய்சா எங்களுக்கு அந்நியர் இல்லை. அவருடைய அம்மா எங்கள் பெரியம்மாவின் நாத்தனார். எங்கள் ஊர் பிரெசோவ்காவில் கால்பந்து கிளப் ஆரம்பித்தவர்களில் அவர் அப்பாவும் ஒருவர். நிலம் தேவாலயத்தினுடையது, கோல் கம்பங்கள் மரவாடி கொலொமான் கொடுத்தவை. பிறகு அரசாங்கம் மாறியது. நிலம் கைமாறியது, கிளப்பின் பெயரையும் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். கோடு போடுகிற வேலை மட்டும் துர்ச்சான் வீட்டைவிட்டுப் போகவில்லை. அக்காவைக் கட்டி எங்களுக்கு அத்தானான கேய்சாவுக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. ஆட முடியாதவருக்கு அந்த வெள்ளைக் கோடுதான் ஆட்டம்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு மாவட்டப் போலீஸ்காரர்களின் அணி ஆட வருவதாக இருந்தது. செப்டம்பர் கடைசி. திருவிழாவுக்கு முந்தின வாரம் எங்கள் ஊரில் ஒரு வீடு விடாமல் வெள்ளையடிப்பார்கள். மரவாடிக்குப் பின்னால் தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்புக் குழி ஒன்று ஊருக்கே பொது. கிளப்புக்கும் அதுதான். அந்த வருஷம் பெண்கள் அடிமட்டம் வரை வழித்துவிட்டார்கள். நானும் அக்காவும் கடைசி வாளி எடுத்தோம். சனிக்கிழமை அத்தான் போய்ப் பார்த்தபோது குழியில் கல்லும் சகதியும்தான் கிடந்தன.

கொலொமான் சூளையிலிருந்து ஒரு மூட்டை சுட்ட சுண்ணாம்பு வரவழைத்தார். அது தண்ணீர் பட்டால் கொதிக்கும் கல். நீற்றி ஆறவிட நேரமில்லை. கல்லை இடித்துத் தூளாக்கி அப்படியே தூவிவிடலாம், ராத்திரிப் பனியில் தானே நீறிவிடும் என்று அத்தான் கணக்குப் போட்டார். வானமும் தெளிவாக இருந்தது. ஞாயிறு காலை பூசைக்குப் போகும் வழியில் பார்த்தோம். அவ்வளவு வெள்ளையான கோட்டை அந்த மைதானம் அதுவரை கண்டதில்லை.

இடைவேளையில் மழை பிடித்துக்கொண்டது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கோல் கோட்டிலிருந்து புகை எழும்பியது. அதைத் தொட்டு ஓரக்கோடும் புகைந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். போலீஸ்காரர்களின் காலடியில் எங்கள் மைதானம் கொதிக்கிறது என்று யாரோ சொல்ல, சிரிப்பு இன்னும் பலத்தது. நான் அத்தானைப் பார்த்தேன். ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்பவர்கள் போலீஸ்காரர்கள்.

அந்தக் காலத்தில் கூட்டுப் பண்ணையில் ஒரு கன்று செத்தாலும் அதற்குப் பெயர் நாசவேலை. எங்கள் அத்தை மகன் விக்டோரின் என்பவன் டிராக்டருக்கு எண்ணெய் விட மறந்ததற்கே கைதியாகச் சுரங்கத்துக்குப் போனான். திரும்பி வரவில்லை.

பந்து மூலையிலிருந்து வந்தது. போலீஸ் அணியின் கோல்கீப்பர், பிளாஜெய் என்ற இளைஞன், கோட்டின் மேல் முகம் பதியப் பாய்ந்தான். பாய்ந்தவன் எழவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு புரண்டான்.

அந்தக் குட்டைக் காலோடு முதலில் ஓடியது அத்தான்தான். தேய்க்காதே, தேய்க்காதே என்று கத்திக்கொண்டே போய், அவனைத் தூக்கி, குழாயடியில் தலையைப் பிடித்துக் கண்ணில் தண்ணீர் அடித்தார். அக்கா பம்ப் அடித்தாள். அப்போது அவள் நிறைமாசம். பக்கத்தில் வாளியோடு நின்றதால் அவனும் அத்தானும் பேசியது என் காதில் விழுந்தது.

"என்னத்தப் போட்டீங்க கோட்டுல?"

"நீத்தாத சுண்ணாம்பு. நான்தான் தம்பி போட்டேன்."

போலீஸ் அணியின் பெரிய அதிகாரி வந்து, இங்கே கோடு போடுகிறவர் யார் என்று கேட்டார். கூட்டத்தில் எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

கொலொமான்தான் பதில் சொன்னார். "அப்படித் தனியா யாரும் இல்லீங்க. யாருக்கு நேரம் இருக்கோ அவங்க போடுறது."

அதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் வருஷக்கணக்காகப் பேசினோம்.

மறுநாள் அக்கா, அத்தானைப் பிடித்துப் போனால் கையோடு கொடுத்தனுப்ப ஒரு மூட்டை கட்டினாள். கம்பளி உள்ளாடை, காலுறை, சோப்பு, ஒரு ரொட்டி. அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பிளாஜெய் வாயைத் திறந்தால் போதும், அத்தான் போய்விடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவர் எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொள்வார். ஒரு நாள் வந்தது தபால்காரர்.

"எங்க கேய்சா கிளம்பிட்ட, மாமியார் வீட்டுக்கா?" என்று அவர் வேடிக்கையாகக் கேட்டார். அத்தான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை உள்ளே கூட்டிவர எனக்கும் அக்காவுக்கும் பெரும்பாடாகிவிட்டது.

குழந்தை பிறந்தது. பெண். ஞானஸ்நானத்துக்கு வாசலில் வண்டி வந்து நின்றபோதும் அவர் முதலில் பார்த்தது அந்த ஆணியைத்தான். மூட்டையில் ரொட்டி காய்ந்ததும் அக்கா அதைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் புதியது வைப்பாள். யாரும் வரவில்லை. வராததுதான் இன்னும் மோசமாக இருந்தது. வந்திருந்தால் எந்த நாள் என்றாவது தெரிந்திருக்கும்.

வசந்தத்தில் சுண்ணாம்பைத் தொட ஆள் இல்லை. அத்தான் மரவாடியிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து கோடு போட்டார். வெளியூர் அணிகள் எங்களை மஞ்சள் கோட்டுக்காரர்கள் என்று கேலி செய்தன. காற்றடித்தால் கோடு பறந்துவிடும், நடுவர் திட்டுவார். அத்தான் திரும்பப் போட்டார்.

அடுத்த திருவிழாவுக்குப் போலீஸ் அணி மறுபடி வந்தது. அன்று அத்தான் மேல்கோட்டு போட்டு, மூட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் மைதானத்துக்கு வந்தார். பிளாஜெய் கோல்கீப்பராக இல்லை, பின்னால் நின்று ஆடினான். இடது கண் பால் விட்டதுபோல இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் கோட்டருகே குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தான். பிறகு நேராக அத்தானிடம் வந்தான். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வருஷம் எங்களை வேகவைக்கப் போறதில்ல போல, அண்ணே," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "கண்ணு எப்படிப் போச்சுன்னு என்னைக் கேட்டாங்க. மழைன்னு சொன்னேன்."

அத்தான் மூட்டையை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டார். "மறுபடியும் கேட்டா?"

"மறுபடியும் மழைதான்."

அவன் சொன்னதை அவர் நம்பினார். ஆனால் இன்னொரு நாள், இன்னொரு அறையில், அடி விழுந்தால் அவனால் அதையே சொல்ல முடியுமா என்பதை நம்பவில்லை. மூட்டை திரும்ப ஆணிக்குப் போனது. பிளாஜெய் வேலையைவிட்டு நின்று, தேனீ வளர்த்து, அத்தானுக்கு முன்பே காலமானான். அப்புறமும் மூட்டை தொங்கியது. அரசாங்கமே விழுந்து, ஊர் மணியெல்லாம் அடித்து ஓய்ந்த பிறகு அக்கா அதைக் கழற்றப் போனாள். அவர் அடுக்களையிலிருந்தே சொன்னார்: "இருக்கட்டும் ஒட்டீலியா. அது என்ன சோறா கேட்குது?"

கோடு இன்றைக்கும் எங்கள் ஊரில் மரத்தூளில்தான். அத்தானின் பேரன் போடுகிறான்.

அத்தான் ஒரு பிப்ரவரியில் தூக்கத்தில் போனார். மூட்டையிலிருந்த காலுறையை அக்காதான் அவர் காலில் மாட்டினாள். அது ஒருமுறைகூடப் போடாத புதுக் காலுறை.

இப்போது அவர் மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில், மைதானத்துச் சுவரை ஒட்டி, அவருக்குப் பின் போன என் அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.