ஒரு படி மல்லாட்டையும் இரண்டு செக்ஷன்களும்

1. எந்தப் படி?

பி.எஃப். கணக்கு எழுத வரும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது செக்ஷன் நம்பர்தான். நம்பர் புத்தகத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு வார்த்தை பண்ணிய கூத்து.

ஐம்பதுகளின் கடைசி. தினமும் விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறித் திண்டிவனம் போய், ஓர் எண்ணெய் மில்லில் குமாஸ்தா வேலை பார்த்தேன். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உடைத்து, கல்லும் சொத்தையும் பொறுக்கி, எண்ணெய் எடுக்கிற மில். பொறுக்குவது எல்லாம் பெண்கள். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் எண்ணெய் மில்களுக்கும் வந்த புதிது. சட்டப் புத்தகத்தை என் தலையில் கட்டிவிட்டு முதலாளி நிம்மதியாக இருந்தார்.

மெட்ராஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். சம்பளப் பதிவேட்டைப் புரட்டியவர் ஒரு வரியில் நின்றுவிட்டார். ‘சனிக்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு படி.’

“இது எந்தப் படி? பஞ்சப்படியா, பயணப்படியா?”

“அளக்கிற படிங்க சார்.”

“அளக்கிற படிக்குச் சம்பளப் புத்தகத்துல என்ன வேலை மிஸ்டர்?”

வாரக் கடைசியில் பெண்களுக்குத் தோலோடு ஒரு படி மல்லாட்டை அளந்து போடுவது மில்லின் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அதை அப்படி எழுதிவைத்தார், நானும் எழுதினேன். நான் சொன்னதை இன்ஸ்பெக்டர் நம்பவே இல்லை. பஞ்சப்படி என்றே குறித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பஞ்சப்படிக்கு ஏன் நிதி பிடிக்கவில்லை என்று பின்னாலேயே நோட்டீஸ் வந்தது.

முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“அது பணம் இல்லய்யா, மல்லாட்டைன்னு எழுதிப் போடு. ஜல்தியா எழுது.”

“புஸ்தகத்தப் பாத்துட்டு எழுதலாங்க.”

“மல்லாட்டைய மல்லாட்டைன்னு எழுதறதுக்குப் புஸ்தகம் எதுக்கு?”

எழுதினேன். பதில் வந்தது. மல்லாட்டை உண்ணும் பொருள், ஆகவே அது உணவுச் சலுகை, அதன் ரொக்க மதிப்பைத் தெரிவிக்கவும்.

2. சேர்க்காதே, சேர்

அதன் பிறகுதான் புத்தகத்தைப் பார்க்க விட்டார்கள். சம்பளம் என்றால் என்ன என்று சொல்லும் செக்ஷனில், உணவுச் சலுகையின் மதிப்பைச் சேர்க்காதே என்றிருந்தது. நிதி கட்டச் சொல்லும் செக்ஷனில் அதே மதிப்பைப் பஞ்சப்படியோடு சேர் என்றிருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். அந்த மனுஷர் என் பேச்சை நம்பாமல் பஞ்சப்படி என்று தப்பாக எழுதியது கடைசியில் சரியாகவே போய்விட்டது. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

மதிப்பு என்றால் எந்த மதிப்பு? மண்டியில் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. தோலை யாரும் தின்பதில்லை, அது உணவா? இதையெல்லாம் முதலாளியிடம் விளக்கினேன். பாதியிலேயே கையை உயர்த்தினார்.

“படியாலதான இந்தப் பேஜாரு? படிய நிறுத்து.”

“பொம்பளைங்க சும்மா இருக்க மாட்டாங்க மொதலாளி.”

“அவங்க நன்மைக்குத்தான் சட்டமாம். அவங்ககிட்டயே சொல்லு.”

சனிக்கிழமை நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வார்கள்? முந்தானையை ஏந்திக்கொண்டு வரிசையில் முதலில் நின்றவள் அஞ்சலை. புருஷன் இல்லாதவள், வீட்டில் மூன்று பிள்ளைகள். அந்தப் படிதான் பாதி வாரம் அவர்களுக்கு ராத்திரிச் சோறு. மல்லாட்டையை அவித்துக் கொடுத்து, மேலே கேப்பைக் கூழை ஊற்றிவிடுவாள்.

“எங்க நன்மைக்கு எங்க மல்லாட்டைய நிறுத்தறீங்களா கணக்குப்புள்ள?”

“சட்டம் நிறுத்தச் சொல்லலம்மா. நிதி கட்டச் சொல்லுது. உங்க கூலியிலயும் கொஞ்சம் பிடிக்கணும்.”

“எவ்ளோ?”

“நாலஞ்சு பைசா வரும்.”

“பிடிச்சிக்கினு போங்க. படியப் போடுங்க.”

நான் முதலாளி அறையைப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. எனக்கு அந்தக் கதவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

3. மென்ற வாரம்

ஒன்றைச் சொல்ல வேண்டும். படி வாங்குகிறவர்கள் வேலை நேரத்தில் ஒரு பருப்பைக்கூட வாயில் போடமாட்டார்கள். யாரும் பேசி வைத்ததில்லை, இரண்டு தரப்பும் காப்பாற்றிவந்த வழக்கம். திங்கட்கிழமை அது போயிற்று. அஞ்சலை முதல் பிடியை வாயில் போட்டாள். அப்புறம் களம் முழுக்க மெல்லுகிற சத்தம்தான். மத்தியானம் அவள் பிள்ளைகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. ஒருத்தியும் சண்டை போடவில்லை, வேலையும் நிற்கவில்லை. வாரக் கடைசியில் எண்ணெய் குறைந்தது.

“என்னய்யா எல்லாம் மென்னுக்கினே இருக்குதுங்க?” என்றார் முதலாளி.

“சட்டத்துல தடை இல்லீங்க.”

என்னை முறைத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தார். “அந்தப் படியக் குடுத்துத் தொலை. கட்ட வேண்டியதக் கட்டு. ஆனா சர்க்காருக்கு ஒரு படின்னுதான எழுதியிருக்கோம்? ஒரு படிதான் அளக்கணும். தலை தட்டி அள. நீயே நின்னு அள.”

அதுவரை குவித்துத்தான் அளப்பார்கள். படிக்கு மேல் கோபுரமாக நிற்பது ஒரு பிள்ளைக்குப் போதும். எந்த செக்ஷனிலும் இல்லாத அந்தக் குவியலை முதலாளி கண்டுபிடித்து எடுத்துவிட்டார். சட்டத்துக்கு இவ்வளவு கீழ்ப்படிந்தவரை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை படியை நிரப்பி, தட்டுகோலை மேலே வைத்து இழுத்தேன். அஞ்சலை முந்தானையை ஏந்தவில்லை.

“தலை தட்டச் சொன்னாரு, சரி. குலுக்கக் கூடாதுன்னு சொன்னாரா?”

“சொல்லல.”

“அப்ப குலுக்குங்க.”

தோல் மல்லாட்டை குலுக்கினால் நன்றாக இறங்கும். குலுக்கினேன். மேலே போட்டேன், மறுபடி குலுக்கினேன், தலை தட்டினேன். அவள் பிள்ளைகளுக்குப் பழைய அளவு வந்ததா என்று கேட்டால், கிட்டத்தட்ட வந்தது. நான் அங்கே இருந்தவரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தது.

புதிதாக வந்த மேனேஜர் ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “குலுக்கலாமான்னு மொதலாளியக் கேட்டு ஒரு வரி எழுதி வாங்கிக்கறது நல்லதில்லையா?” என்றார்.

“கேட்டா பதில் வந்துடும் சார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த படியைக் குலுக்கினேன்.