டிடெக்டிவ் ஸ்கந்தராஜாவின் கக்கத்து உறை

அம்பிகையின் கணவர் ஸ்கந்தராஜா மலேசியாவில் ஈப்போ நகரத்தில் டிடெக்டிவாக இருந்தவர். சீருடை போடாத வேலை. தொளதொள சட்டைக்குள், இடது கக்கத்தில், சின்னக் கைத்துப்பாக்கி ஒன்று எந்நேரமும் தொங்கும். அதற்கான தோல் உறையை அவரே ஆள் வைத்துத் தைப்பித்திருந்தார். பென்ஷன் எடுத்தபோது துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார். உறை சொந்தமாகச் செய்தது என்பதால் வீட்டோடு வந்துவிட்டது. ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில் இருந்த வீட்டு அலமாரியில் இருபது வருஷத்துக்கு மேல் அதை ஒருவரும் தொடவில்லை.

மறதி நோய் பிடித்த பிறகுதான் அவர் அதைத் தேடி எடுத்தார். காலையில் குளித்ததும் பெனியன் மேல் உறையின் வாரை மாட்டி, முதுகுப் பக்கம் கையை வளைத்துக் கொக்கியைத் தானே போட்டுக்கொள்வார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிற விரல்கள் அந்தக் கொக்கியில் மட்டும் பிசகியதே இல்லை. பிறகு கை உறைக்குள் போகும். முகம் வெளிறிவிடும்.

“அம்பிகை, என்ர பிஸ்டல் எங்க?”

“நீங்கள் பென்ஷன் எடுக்கேக்கையே திருப்பிக் குடுத்திட்டியள்.”

கேட்டதும் தணிவார். தேநீர் ஆறுவதற்குள் மறுபடி கை உள்ளே போகும். துப்பாக்கியைத் தொலைத்ததற்கு வேலையும் போய் ஜெயிலும் கிடைக்கும் என்று நடுங்குவார். மெத்தையைப் புரட்டுவார், அரிசி வாளியைக் கவிழ்ப்பார். ஒருநாள் அம்பிகை மூக்குக்கண்ணாடிக் கூட்டை உறைக்குள் வைத்துப் பார்த்தாள். விரல் பட்டதுமே இழுத்துச் சுவரில் எறிந்தார்.

“என்னை விசரன் எண்டு நினைச்சீரோ?”

அன்று மத்தியானம் அவளைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து விசாரிக்கத் தொடங்கினார்.

“உம்மட பேர்?”

“அம்பிகை.”

“புருஷன்ர பேர்?”

“ஸ்கந்தராஜா.”

“அவர் இப்ப எங்க?”

அவள் தலையைக் குனிந்தாள்.

“பொய் சொல்ற ஆக்கள் இப்பிடித்தான் நிலத்தைப் பார்ப்பினம்” என்று மேசையை அறைந்தார்.

மறுநாள் அவர் குளியலறையில் இருந்தபோது, அம்பிகை உறையை எடுத்து மீன்கழிவுப் பையோடு சேர்த்துக் கட்டி வாசல் குப்பைத்தொட்டியில் போட்டாள். அது கண்ணில் படாவிட்டால் மனிதர் ஆறிவிடுவார் என்று நம்பினாள். குப்பை லாரி வந்து அள்ளிப் போயிற்று.

குளித்துவிட்டு வந்தவர் அலமாரியைத் திறந்து பார்த்தார். கொக்கி போடுவதுபோல வெறும் கையை முதுகுப் பக்கம் வளைத்தார், இறக்கினார். ஈரத் துவாயோடு கட்டிலில் உட்கார்ந்தவர் எதையும் தேடவில்லை, அவளைக் கூப்பிடவுமில்லை. அதற்கடுத்த நாள் குளிக்க எழும்பவில்லை. சில நாட்களில் சோறும் ஊட்ட வேண்டியதாயிற்று.

பக்கத்து வீட்டுக் காளியம்மாவை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அம்பிகை ஈப்போவில் பழைய சாமான் விற்கிற சந்தைக்குப் போனாள். கடை கடையாகக் கேட்டு, கடைசியில் ஜைனுலாப்தீன் என்பவர் தரையில் விரித்திருந்த பாயில் ஒரு தோளுறையைக் கண்டாள்.

“தோல் இன்னும் நல்லா இருக்குக்கா. சின்ன பிஸ்டலுக்குத்தான் சரியா வரும்லா” என்றார் அவர். “யாருக்கு, பழைய சாமான் சேத்து வைக்கிறவங்களுக்கா?”

“வீட்டுக்காரருக்கு” என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அன்று அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, உறையை அவர் மடியில் வைத்தாள். ஸ்கந்தராஜா அதை முகர்ந்தார். தையல் மேல் விரலை ஓட்டினார்.

“இது வேற ஆரின்ரையோ உறை” என்றார்.

வாரைப் பதமாகச் சுருட்டி அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மெல்பனிலிருந்து மகன் மிதுலன் கூப்பிட்டான்.

“அப்பா இப்ப சத்தம் போடாமல் அமைதியாயிருக்கிறார் எண்டு டொக்டர் சொல்றார். உங்களுக்கும் கொஞ்சம் சுகம்தானே அம்மா?”

“ஓம் தம்பி” என்றாள் அம்பிகை.

உறையைக் குப்பையில் போட்டதை அவனிடம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, படுக்கைப்புண் வராமலிருக்க அவரை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைக்கப் போனாள்.