நெற்றியிலிருந்து எடுத்த வெள்ளி ரூபாய்

அண்ணனூரில், மின்சார ரயில் பணிமனைக்குப் பின்னால் உள்ள தெருவில்தான் என் அண்ணனின் வீடு. ஆவடி தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. அண்ணிக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது பழைய காசுகள்தான். அண்ணி அவற்றைச் சக்களத்தி என்பார்.

எல்லாக் காசிலும் ஒரு வெள்ளி ரூபாய் அவருக்கு உயிர். ஒரு பக்கம் ராணி தலை, மறுபக்கம் பூவளையம். ஞாயிற்றுக்கிழமை நான் திருநின்றவூரிலிருந்து ரயிலேறிப் போனால், சாப்பாட்டுக்கு முன்னாலேயே அதை விளிம்பில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுவார். நீலமும் பழுப்புமாக ஒரு மங்கல் அதன் மேல் படர்ந்திருக்கும். விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமே என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

"இன்னாடா பேசற? வெள்ளிக்கு வயசாகி வந்த நெறம்டா அது. தேச்சேன்னு வெய்யி, காசு செத்துப்பூடும்" என்றார்.

அந்தக் காசைத் தரம் பார்க்க அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கென்று இருக்கிற நிறுவனம் காசு அசலா என்று பார்த்து, தேய்மானத்துக்கு ஏற்ப ஒரு எண் கொடுத்து, திறக்க முடியாத கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடித் திருப்பி அனுப்பும். விற்க அல்ல. அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வருஷக்கணக்காக அனுப்பவில்லை. பழைய பிளாஸ்டிக் உறையில் கிடந்ததால் காசின் ஓரத்தில் பச்சையாக ஒரு பிசுக்கு ஏறியிருந்தது. அதை எடுத்துவிட்டு அனுப்புவதா, அப்படியே அனுப்புவதா? எடுக்கப் போய் மேலிருக்கும் நிறமும் போய்விட்டால்? விட்டுவைத்தால் பிசுக்கு வெள்ளியைத் தின்றுவிட்டால்? ஒரு வாரம் கழுவலாம் என்பார், மறுவாரம் வேண்டாம் என்பார்.

அந்த முடிவை எடுக்காமலே போய்விட்டார். போன ஆடி மாதம், காலையில் பால் வாங்கப் போனவர் கடை வாசலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

குளிப்பாட்டி முடித்ததும் நெற்றியில் வைக்க ஒரு காசு கேட்டார்கள். யாரோ சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்கள். "இருங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளி ரூபாயோடு வந்தார். சந்தனத்தைக் குழைத்து, பூவளையம் உள்பக்கம் இருக்கும்படி அண்ணன் நெற்றியில் தன் கையாலேயே ஒட்டினார். காசுக்கு மேலே நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். ஈரத்தில் அது வழிந்து விளிம்பெல்லாம் சிவந்து, காசுக்கு அடியிலும் இறங்கியது. பகல் முழுக்க ராணி தலை வெளியே தெரிய அண்ணன் படுத்திருந்தார்.

தூக்குகிற நேரம் வந்தபோது அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தக் காச எடுத்துக் குடு தம்பி. அனுப்பணும் அனுப்பணும்னு சொல்லிகினே இருந்தாரு."

"அவரோடயே போவட்டும்மா" என்றார் தெருப் பெரியவர் ஒருவர். அண்ணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் குனிந்து எடுத்தேன். காய்ந்த சந்தனம் லேசில் விடவில்லை. காசு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம் தெரிந்தது. உயிரோடு இருப்பவர் தோல் என்றால் அது உடனே நிமிர்ந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணனின் நண்பர் வந்தார். அதே தொழிற்சாலை, அவரும் காசு சேர்ப்பவர். பஞ்சில் சுற்றி வைத்திருந்த காசை அண்ணி எடுத்து வந்து காட்டினார். பூவளையம் முழுக்கச் சந்தனம் பொருக்காக இறுகிக் கிடந்தது. அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இப்டியே அனுப்பினா நம்பர் போட மாட்டாங்க தங்கச்சி. மேல இன்னா கீதுன்னே தெரியலியே."

"கழுவினா?"

"தேய்க்கக் கூடாது. ஊறவெச்சு எடுக்கலாம். உள்ள எப்டி கீதோ, அது எடுத்தாத்தான் தெரியும். ஆனா விட்டுவெச்சாலும் குங்குமம் வெள்ளிய அரிச்சுகினே போவும்."

அண்ணி என்னைப் பார்த்தார். எனக்குக் கழுவ மனசில்லை. அண்ணன் உடம்பில் கடைசியாகப் பட்டது அது. அப்படியே இருக்கட்டும், எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன்.

"எனக்கும் அப்டித்தான் தோணுது" என்றார் அண்ணி. காசைத் திரும்பப் பஞ்சில் சுற்றப் போனவர் நிறுத்தினார். "ஆனா அரிச்சுப் போச்சுன்னா அவரு தாங்க மாட்டாரு தம்பி. கழுவிடலாம்."

அடுத்த ஞாயிறு காலை நண்பர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு கேனும், பிசுக்கைக் கரைக்கிற அசிட்டோன் ஒரு பாட்டிலும் கொண்டுவந்தார். கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றிக் காசை இறக்கினார். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். பணிமனைக்குள் போகும் ரயில் ஒன்று மெதுவாகக் கடந்தது. தண்ணீர் முதலில் இளஞ்சிவப்பானது, பிறகு கலங்கியது. சந்தன வாசனை அறையில் எழுந்தது. அந்த நாளின் வாசனை. அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

தண்ணீரை மாற்றியபோது பொருக்கு ஒன்று தானாகக் கழன்றது. அதிலிருந்து வெள்ளையாக ஏதோ பிரிந்து மேலே மிதந்து வந்தது. நண்பர் நூல் என்று நினைத்து எடுத்துப்போடக் கை நீட்டினார்.

"தொடாதீங்கண்ணா" என்றார் அண்ணி.

முடி. அண்ணனின் புருவ முடி. கடைசிக் காலத்தில் அவருக்குப் புருவம் நீளமாக வளர்ந்து கண்ணுக்குள் விழும். அண்ணிதான் கத்தரித்துவிடுவார். காசைப் பிய்த்தபோது சந்தனத்தோடு வந்திருக்கிறது. அண்ணி விரல் நுனியால் அதைத் தொட்டு எடுத்து, புறங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். அழவில்லை. எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தினார். பிறகுதான் சத்தம் கேட்டது. நண்பர் லென்ஸைத் துடைத்தபடி தலையைக் குனிந்துகொண்டார். நான் கிண்ணத்தைப் பார்க்கவும் முடியாமல், கதவைப் பார்க்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து அண்ணி முகம் கழுவிக்கொண்டு வந்தார். "இன்னா நிறுத்திட்டீங்க? பாதில வுட்டா அவரு திட்டுவாரு" என்றார்.

முடித்தோம். அசிட்டோனில் பச்சைப் பிசுக்கு போயிற்று. அண்ணன் பயந்ததுபோல் எதுவும் ஆகவில்லை. ராணியின் முகத்தில் நீலமும் பழுப்பும் அப்படியே இருந்தன. மறுபக்கத்தில், பூவளையத்துக்கு நடுவே மட்டும், கருஞ்சிவப்பாக ஒரு கறை. எத்தனை முறை ஊறவைத்தும் அது போகவில்லை.

நண்பரே பார்சல் கட்டி அனுப்பிவைத்தார். தை பிறந்த பிறகு காசு பெட்டிக்குள் மூடப்பட்டுத் திரும்பி வந்தது. காசு அசல் என்று உள்ளே வைத்த சீட்டில் போட்டிருந்தது. எண் இல்லை. மேற்பரப்பில் கறை இருப்பதால் எண் தரவில்லை என்று எழுதியிருந்ததை நான் அண்ணிக்குப் படித்துச் சொன்னேன்.

"எந்தக் கறை?"

காட்டினேன்.

"அவரு நெத்தி பட்ட எடமா?"

"ஆமா அண்ணி."

அண்ணி பெட்டியை வாங்கிக் கறையின் மேல் கட்டைவிரலை வைத்தார். விரல் பிளாஸ்டிக்கில் வழுக்கியது. திருப்பிப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"இனிமே இத்தத் தொடவே முடியாதா தம்பி?"

"ஒடச்சாத்தான் முடியும். ஒடச்சா அவங்க குடுத்த சீட்டு செல்லாது."

அண்ணி பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"அவசரப்பட்டுட்டமோ?" என்றார்.

அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நான் கிளம்பும்வரை அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.