வாசலுக்கு வந்த லாரி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தேன். அந்தக் காலத்தில் அரசாங்கம் பெரிய கொதிகலன் தொழிற்சாலையைக் கொண்டுவந்து, அதைச் சுற்றி எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளுக்கும் இடம் கொடுத்ததாம். நாங்கள் இரும்பு வாங்கியதே இல்லை. தகடுகள் அங்கிருந்தே லாரியில் வரும். வெட்டி, பற்றவைத்துத் திருப்பி அனுப்புவோம். மிஞ்சும் துண்டுகூட அவர்களுடையதுதான். வெளியே போய் வேலை கேட்க எங்கள் முதலாளிக்குத் தெரியாது. கேட்கும்படி நேர்ந்ததும் இல்லை.

பிறகு கொள்கை மாறிவிட்டது என்றார்கள். நிலக்கரி மின்நிலையங்களுக்கான ஆர்டர்கள் குறைந்தன. பாதியில் நிறுத்தச் சொன்ன வேலையின் தகடுகள் எங்கள் முற்றத்தில் துருவேறிக் கிடந்தன. எதிர்ப்பட்டறை வாசலில் எருக்கு முளைத்தது. திருவானைக்காவலிலிருந்து போகும் காலை பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கத் தொடங்கியது. அதுதான் பயமாக இருந்தது.

“ஒரு லோடு வந்துட்டா போதும்ப்பா. வரலைன்னா கதவைச் சாத்த வேண்டியதுதான்” என்றார் முதலாளி.

ஒருநாள் காலையில் அந்த லாரி எங்கள் தெருவில் திரும்பியது. நான் அதிகம் வாய் திறக்காதவன். அன்று நானே, “வந்துடுச்சுங்க!” என்று கத்திவிட்டேன். புது வேலையின் முதல் லாரிக்குக் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது எங்கள் வழக்கம். ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். ஒருவர் வாசலைக் கூட்டினார். முதலாளியே கற்பூரம் ஏற்றினார்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். “என்னண்ணே, மாப்பிள்ளை அழைப்பா? வெறும் வண்டிக்கா இவ்வளவு?”

“லோடு எங்கப்பா?” என்றார் முதலாளி.

“உங்க முத்தத்துலதான். கிடக்குற தகட்டையெல்லாம் திருப்பி ஏத்திட்டு வரச் சொல்லியிருக்காங்க.”

“விளையாடாதப்பா.”

“நான் என்னத்தண்ணே விளையாடுறது? சீக்கிரம் ஏத்துங்க. இன்னும் பல இடத்துக்குப் போகணும்.”

நாங்களே சங்கிலி மாட்டித் தகடுகளை ஏற்றினோம். கடைசித் தகட்டுக்கு அடியில் புல் வெளுத்துப் போயிருந்தது. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே, “நாளைக்கு வர வேணாம்ப்பா” என்றார்.

லாரி புறப்பட்டு அடுத்த வரிசையில் திரும்பியது. தகடுகளோடு அது வருவதைக் கண்டு அங்கே ஒரு பட்டறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ அவசரமாக வாசலைக் கூட்டத் தொடங்கினார்கள்.

எழுதி முடித்தது: ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.